எப்சிபா வெளியேறினார்

கணக்கு ஆசிரியர் தெய்வசிகாமணி ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. அவர் யோசனை கேட்கப் போனது தமிழாசிரியை குமுதவல்லியிடம். அவளுக்கு முப்பத்தொரு வயது.

எட்டாம் வகுப்புக்கு வாட்ஸப் குழு தொடங்கியவர் தெய்வசிகாமணிதான். ஆண்டு விழாப் படத்திலிருந்து, அந்த வகுப்பு எப்சிபா தும்முகிற முகத்தை மட்டும் வெட்டி, கூடப் படிக்கிற வேலவன் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். மூன்று நாள் எல்லோரும் எதற்கெடுத்தாலும் அதையே பதிலாகப் போட்டார்கள். எப்சிபா குழுவைவிட்டுப் போனாள். பிறகு பள்ளிக்கும் வரவில்லை. வெள்ளிக்கிழமை டி.சி. வாங்க வருவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். அன்று புதன்.

"மரியாதையாப் பழகறது எப்படின்னு பத்து விதி எழுதிப் போட்டேன் டீச்சர்."

"என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் கட்டைவிரல் போட்டாங்க. ஒருத்தன் அந்த ஸ்டிக்கரையே போட்டான்."

குமுதவல்லி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இதைப் பிள்ளைகளுக்கு எப்படித்தான் சொல்லிக் குடுக்கறது?"

"அடுத்த பீரியட் எனக்குத்தான். வாங்க சார்."

அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். செய்யுளின் பாதியில் அவள் புத்தகத்தை மூடினாள். "நான் போறேன்" என்று வாசலைத் தாண்டினாள்.

வகுப்பு கத்தியது. "டீச்சர்! போறேன்னு சொல்லக் கூடாது!"

அவள் திரும்பினாள். "வேற என்ன சொல்லணும்?"

"போயிட்டு வர்றேன்னு சொல்லணும்."

"யார் சொன்னா?"

"எங்க வீட்ல போறேன்னு சொன்னா அடி விழும் டீச்சர்."

அவள் உள்ளே வந்து தெய்வசிகாமணியின் போனை வாங்கி, குழுவைத் திறந்தாள். படித்தாள். "எப்சிபா வெளியேறினார்."

முன் பெஞ்சு வேலவனைத் திரும்பிப் பார்த்தது.

"அது போன் தானாப் போடறது டீச்சர்," என்றான் வேலவன்.

"ஆமா. அதுக்குக் கீழ நீங்க போட்டதையும் படிக்கிறேன். 'நாளைக்குப் பரீட்சை உண்டா?'"

அவள் விரலால் திரையைத் தள்ளிப் பார்த்தாள்.

"அன்னிக்கு அவ்வளவுதான் இருக்கு."

பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்ட வரியிலிருந்து நடத்தினாள்.

வெளியே வந்ததும் தெய்வசிகாமணி கேட்டார். "இவ்வளவுதானா டீச்சர்?"

"மணி அடிச்சிருச்சே சார்."

வெள்ளிக்கிழமை காலை எப்சிபாவின் அப்பா வந்தார். தெய்வசிகாமணி எழுந்து நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"நேத்து சாயங்காலம் வகுப்புப் பிள்ளைங்க பதினோரு பேர் வீட்டுக்கு வந்தாங்க சார். வாசல்லயே நின்னாங்க. ஒருத்தன் செருப்பையே பாத்துக்கிட்டு நின்னான். இவ உள்ளயிருந்து வரவே இல்ல. கிளம்பறப்ப எல்லாரும் 'போயிட்டு வர்றோம்'னாங்க."

"அப்புறம்?"

"இவ உள்ளயிருந்தே, 'நாளைக்குப் பரீட்சை உண்டா'ன்னு கேட்டா."

அப்பா சிரித்துவிட்டார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் புத்தகப் பையோடு எப்சிபா நின்றிருந்தாள்.

"டி.சி.?"

"எதுக்கு சார்? நேரமாச்சு, இவளை வகுப்புக்கு அனுப்புங்க."

அவள் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் வகுப்பிலிருந்து பெரிய கூச்சல் கேட்டது. அன்று தெய்வசிகாமணி அதட்டப் போகவில்லை.

இடைவேளையில் குமுதவல்லியிடம் வந்தார். முகம் தெளிந்திருந்தது. கையில் போன்.

"நல்லபடியா முடிஞ்சுது டீச்சர். இனி அந்த வேலவனைக் குழுவிலேர்ந்து நீக்கிடறேன்."

"நீக்கினா என்ன வரும் சார்?"

"வேலவன் நீக்கப்பட்டார்னு வரும்."

"அதுக்குக் கீழ நீங்க என்ன எழுதுவீங்க?"

தெய்வசிகாமணி போனைச் சட்டைப் பையில் வைத்தார்.