பஸ் ஏறிப் போன சுருதி

கோணமடையைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கேள்விப்பட்டவர்கள் அந்த ஊருக்குப் பெண் கொடுப்பதில்லை. தெரியாமல் கொடுத்துவிட்டவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஊர் நடுவில் முப்பிடாதி அம்மன் கோவில். கோவிலை உரசிக்கொண்டு ஒரு ரோடு. அந்த ரோட்டில் டவுனுக்குப் போய்வர ஒரு மினி பஸ். ஆட்களை விட்டுவிட்டுப் பார்த்தால் ஊரில் குறை சொல்ல எதுவும் கிடையாது.

அந்த ஊர்க் கும்மிப் பாட்டுக் குழுவின் தலைவர் உச்சிமாகாளி. அவரோடு பலவேசம், கொம்பையா, ஆண்டபெருமாள் என்று இன்னும் மூன்று பேர். பாடுவது என்னவோ உச்சிமாகாளியின் பெண்டாட்டி இசக்கியம்மாள்தான். ஆனால் குழுவில் எத்தனை பேர் என்று கேட்டால் நாலு என்றுதான் பதில் வரும். பாட்டு வேறு, குழு வேறு என்பது அவர்கள் எண்ணம்.

வருசா வருசம் கோவில் கொடைத் திருவிழாவில் முதல் பாட்டு இவர்களுடையது. பாட்டு முடிந்ததும் நாட்டாமை சங்கரமூர்த்தி குழுத் தலைவர் தலையில் பரிவட்டம் கட்டுவார். அந்தப் பட்டுத்துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு நிற்கும் அரை நாழிகைக்காகத்தான் உச்சிமாகாளி வருசம் முழுக்கச் சோறு தின்றார் என்று சொல்லலாம்.

போன கொடைக்கு முந்தின நாள், "கோவிலுக்குள்ள வாரதெல்லாம் குளிச்சிட்டு வரணும்" என்று நாட்டாமை சொன்னார். நாலு பேரும் தங்கள் ஆர்மோனியத்தைக் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கி, முக்கி எடுத்து, சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். அது ஒரு குமிழி விட்டது. அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.

இந்த வருசம் கீழப்பட்டியிலிருந்து நல்லபெருமாள் என்கிறவன் தன் குழுவுக்கு முதல் பாட்டைக் கேட்டு வந்துவிட்டான். அவனிடம் நல்ல ஆர்மோனியம் இருந்தது. அதைவிட மோசம், அவன் இசக்கியம்மாளின் கூடப்பிறந்த தம்பி. நாட்டாமை யோசித்துத் தீர்ப்பு சொன்னார்.

"எந்தக் குழுவுல பாட்டும் வாத்தியமும் ஒண்ணாச் சேருதோ, அவங்களுக்குத்தான் முதல் பாட்டு. மதியக் கொடையில வச்சுப் பாத்துருவோம்."

வேறு எவனாவது என்றால் உச்சிமாகாளி பொறுத்திருப்பார். மச்சினன் பரிவட்டத்தோடு தன் வீட்டுக்கே வந்து, தன் இலையில் உட்கார்ந்து, இரண்டாம் தடவை ரசம் கேட்பதை நினைக்கும்போதே அவருக்கு வயிறு எரிந்தது. கிணற்றில் இறக்கக் கயிறு தேவைப்படாத வாத்தியமாக ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்து டவுனுக்குப் போனார்.

வாத்தியக் கடைக்காரர் தாவீது பொறுமைசாலி. அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் மவுத் ஆர்கன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் இங்கிலீஷ் எழுத்து பொறித்திருந்தது.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, எழுத்து மட்டும் எதுக்கு வேற வேற?" என்றார் உச்சிமாகாளி.

"ஒவ்வொண்ணும் ஒரு சுருதி. ஆர்மோனியம்னா கட்டைய மாத்திக்கிடலாம், இதுல அது நடக்காது. பாடுதவங்க சுருதிக்குத் தக்கன பாத்து வாங்கணும். இல்லன்னா பாட்டு ஒரு பக்கம் போவும், வாத்தியம் ஒரு பக்கம் போவும். நீங்க சுருதியக் கொண்டாங்க, நான் ஒத்துப் பாத்துத் தாரேன்."

உச்சிமாகாளி ஊருக்குத் திரும்பி, குழுவைக் கூட்டி விசயத்தைச் சொன்னார். சுருதியை டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும். எதில் வைத்துக் கொண்டுபோவது?

இசக்கியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நானே வாரேன். கடையில வச்சுப் பாடிக் காட்டிட்டுப் போறேன்."

"ஏளா, அவரு சுருதியத்தான் கேட்டாரு. பாடுத ஆளைக் கேக்கலையே" என்றார் உச்சிமாகாளி. மற்ற மூவரும் தலைவரின் கூர்மையை வியந்து தலையாட்டினார்கள்.

முதலில் தூக்குவாளி கொண்டுவந்தார்கள். இசக்கியம்மாள் அதற்குள் ஒரு 'ஆ' பாடினாள். கொம்பையா டக்கென்று மூடினான். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து காது வைத்துப் பார்த்தால், நேற்று வைத்த மோர் வாடைதான் வந்தது.

"ஆவியாப் போயிட்டு அண்ணாச்சி."

"வெயில் காலம். தாங்காது."

கடைசியில் ஆண்டபெருமாளுக்குத்தான் வழி தோன்றியது. அவள் 'ஆ' பாட, அதை ஒருத்தன் வாயில் வாங்கிக்கொள்ள வேண்டியது. அவனுக்கு மூச்சு முட்டும்போது அடுத்தவன் வாங்கிக்கொள்ள வேண்டியது. கீழே விடாமல் மாறி மாறிக் கொண்டுபோனால் கடையில் அப்படியே இறக்கிவிடலாம். உச்சிமாகாளிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மூளை கோணமடையில்தான் பிறக்கும் என்றார். அது உண்மைதான்.

மறுநாள் காலையில் இசக்கியம்மாள் பஸ் பக்கத்தில் நின்று 'ஆ' என்றாள். கொம்பையா அதைப் பிடித்துக்கொண்டு ஏறினான். ஊர் எல்லைக்குள்ளேயே அவன் முகம் சிவந்துவிட, பலவேசம் வாங்கிக்கொண்டான். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார்.

"எங்க போகணும்?"

"ஆஆஆ" என்றான் பலவேசம்.

"என்ன, பல்வலியா?"

"பேச்சுக் குடுக்காதிய. சிந்திரும்" என்றார் உச்சிமாகாளி.

எல்லாம் நன்றாகத்தான் போனது. குளத்து வளைவில் ஆடுகள் ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கும்வரை. டிரைவர் ஹாரனை அமுக்கினார். ஆடுகள் அசையவில்லை. அவர் கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் பார்த்துப் பலவேசத்திடமிருந்து ஆண்டபெருமாள் சுருதியை வாங்கினான். அவன் வாயில் வந்தது 'ஆ' இல்லை, 'பாஆஆம்'.

உச்சிமாகாளிக்கும் லேசாகச் சந்தேகம் தட்டத்தான் செய்தது. வீட்டில் இருந்ததைவிடச் சுருதி கொஞ்சம் பருத்திருந்தது. வெளிக்காற்றுப் பட்டால் யாருமே தேறுவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

கடையில் ஆண்டபெருமாள் 'பாஆஆம்' என்று இறக்கிவைத்துவிட்டு ஸ்டூலில் சாய்ந்தான். தாவீது ஒவ்வொரு மவுத் ஆர்கனாக ஊதி ஒத்துப் பார்த்து ஒரு எழுத்தில் நின்றார்.

"பாடுதது யாருன்னு சொன்னிய?"

"என் வீட்டுக்காரி."

தாவீது உச்சிமாகாளியை இரக்கத்தோடு பார்த்தார். மறுபேச்சு இல்லாமல் அதே எழுத்தில் நாலு எடுத்துக் கட்டிக் கொடுத்தார். "சில சுரம் ஊதினா வரும், சில சுரம் உள்ள இழுத்தா வரும். ரெண்டும் பழகணும்" என்றும் சொல்லி அனுப்பினார்.

சண்டை வரக் கூடாது என்று வேலையைப் பங்கு வைத்துக்கொண்டார்கள். உச்சிமாகாளியும் பலவேசமும் ஊதுவது. கொம்பையாவும் ஆண்டபெருமாளும் இழுப்பது. பழகத் தொடங்கிய அன்றைக்கே ஊதியவர்கள் இரண்டு பேரும் தலை சுற்றிக் கீழே உட்கார்ந்தார்கள். கொம்பையா வேறு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"இழுத்த பாட்டெல்லாம் உள்ள போயிட்டு அண்ணாச்சி. வெளிய வரவே இல்ல."

"எத்தனை பாட்டு?"

"பல்லவி பூரா."

அவனைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். ஒரு ஏப்பம் வந்தது. அதில் மெட்டு இருந்ததா என்று கொஞ்ச நேரம் விவாதித்தார்கள்.

இசக்கியம்மாள் பாட வந்தாள். ஒரு வரி பாடி நிறுத்தினாள்.

"இது என் சுருதி இல்ல."

"கடைக்காரரு ஒத்துப் பாத்துக் குடுத்தது."

"நான் இங்க பாடுதேன், இது எங்கயோ ஒசரத்துல கத்துது."

நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கடைக்காரர் தப்பு பண்ண முடியாது. வாத்தியம் இரும்பு, அது மாறாது. மாறியது இவள் குரலாகத்தான் இருக்க வேண்டும். அன்று சாயங்காலம் அவளுக்குச் சுக்குக் கசாயம் கொடுத்தார்கள். அதிலும் குரல் ஏறவில்லை. மறுநாள் வைக்கோல் படப்பிலிருந்து ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் சாய்த்தார்கள்.

"ஒவ்வொரு படியா ஏறிப் பாடு. எந்தப் படியில சேருதோ, கொடையன்னிக்கு அதுல நின்னுக்கிடலாம்" என்றார் உச்சிமாகாளி.

அவள் ஏணியைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். உள்ளே போய் நாலு சேலையை எடுத்துக்கொண்டு கீழப்பட்டிக்கு நடந்தாள். "என் சுருதிக்கு வாத்தியம் எங்க இருக்கோ, அங்க பாடிக்கிடுதேன்" என்று தெருமுனையில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அன்று உச்சிமாகாளி சாப்பிடவில்லை. பெண்டாட்டி போன துக்கம் ஒரு பங்கு. மச்சினன் தலையில் பரிவட்டம் கண்ணுக்குத் தெரிந்தது மூன்று பங்கு. பலவேசம்தான் தேற்றினான்.

"நாட்டாமை பாட்டும் வாத்தியமும் சேரணும்னுதான சொன்னாரு? பாடுத ஆள் வேணும்னு சொல்லலையே அண்ணாச்சி."

உச்சிமாகாளி எழுந்து இரண்டு தட்டு சோறு தின்றார்.

மதியக் கொடையில் கீழப்பட்டிக் குழு முதலில் நின்றது. இசக்கியம்மாள் பாடினாள். மேளக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சாமியாடி ஆட மறந்தார். பொங்கல் பானைகள் பொங்கி வழிந்ததைப் பெண்கள் கவனிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் நாட்டாமை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் அவருக்குத் தன் வேலை ஞாபகம் வந்தது.

"வாத்தியம் சேர்ந்துதா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

"யாரு கவனிச்சா? நான் பாட்டைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

கூட்டத்தில் ஒருத்தரும் வாத்தியத்தைக் கவனிக்கவில்லை. ஆகவே சேர்ந்ததற்குச் சாட்சி இல்லை என்று ஆகிவிட்டது.

அடுத்து உச்சிமாகாளி குழு. நாலு பேரும் வரிசையாக நின்று, இரண்டு பேர் ஊத, இரண்டு பேர் இழுக்க, கோவில் வேப்பமரத்துக் காக்கைகள் ஊரைக் காலி செய்தன. பாட்டு எங்கிருந்தாவது வர வேண்டும். உச்சிமாகாளி அம்மன் முகத்தைப் பார்த்தபடி ஊதிக்கொண்டே இருந்தார்.

அப்போது டவுனிலிருந்து மினி பஸ் வந்தது. ரோடு முழுக்கக் கூட்டம். டிரைவர் ஹாரனை அமுக்கினார். யாரும் வழி விடவில்லை. எடுக்காமல் அமுக்கினார்.

'பாஆஆஆம்.'

நாலு மவுத் ஆர்கனும் ஒரு ஹாரனும் ஒரே குரலாக எழுந்தன. மயிரிழை பிசகவில்லை. காது கேட்காத கிழவர்கூடத் திரும்பிப் பார்த்தார். நாட்டாமை துள்ளி எழுந்தார்.

"சேர்ந்துட்டு. பாட்டும் வாத்தியமும் சேர்ந்துட்டு."

முதல் பாட்டு கோணமடைக்கே என்று தீர்ப்பானது. உச்சிமாகாளி குனிந்து தலையை நீட்டினார். நாட்டாமை பரிவட்டத்தோடு அவரைத் தாண்டிப் போனார்.

"பாடுனவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று சொல்லி, பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் பரிவட்டத்தைக் கட்டினார். பாடியவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பது இத்தனை வருசத்தில் அவருக்கு அன்றுதான் தோன்றியிருந்தது.

கொடை முடிந்து உச்சிமாகாளி கீழப்பட்டிக்குப் போய்ப் பெண்டாட்டியை அழைத்துவந்தார். வழியெல்லாம் ஆறுதல் சொன்னார். "மனசுல வச்சுக்கிடாத. உன் குரலும் மோசமில்ல. பஸ்ஸுக்கு அனுபவம் சாஸ்தி." இசக்கியம்மாள் ஒன்றும் பேசவில்லை. அது அவருக்கு நிம்மதியாக இருந்தது. பாவம், அதைப் பார்த்து அவர் பயந்திருக்க வேண்டும்.

அடுத்த கொடை நெருங்கியது. வழக்கம்போல வாத்தியங்களைக் குளிப்பாட்டினார்கள். ஈரம் போகவில்லை என்று கொம்பையா நாலையும் அடுப்பில் வாட்டினான். திரும்பவும் டவுனுக்குப் போய் வாங்க வேண்டியதாயிற்று. இந்தத் தடவை கொண்டுபோக வேண்டியது பஸ்ஸின் சுருதி.

மாறி மாறி வாங்கினால் சிந்துகிறது என்று போன வருசமே ஆண்டபெருமாள் வருத்தப்பட்டிருந்தான். மூச்சுப் பிடித்து ஒரே ஆளாகக் கொண்டுபோக ஊரில் இசக்கியம்மாளை விட்டால் யாருமில்லை. உச்சிமாகாளி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கொண்டு வாரேன்" என்றாள் அவள், உடனே.

கோவில் முன்னால் டிரைவர் ஹாரன் அடித்தார். இசக்கியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாலு பேரும் பின்னால் நடந்தார்கள். பஸ் பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "டவுனுக்குத்தான, ஏறுங்க" என்றார்.

"கடைக்காரரு சுருதியத்தான் கேட்டாரு. பாடுத ஆளைக் கேக்கலை. நீங்க போங்க" என்றார் உச்சிமாகாளி.

பஸ் போனது. அது வளைவு திரும்பியதும் இசக்கியம்மாள் அதன் சுருதியை வாய்க்காலோரம் விட்டுவிட்டுத் தன்னுடையதை எடுத்துக்கொண்டாள். நாலு பேரும் ஆடு வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நடந்ததால் ஒருத்தரும் கவனிக்கவில்லை. கடையில் தாவீது ஒத்துப் பார்த்து, வேறு எழுத்தில் நாலு எடுத்துக் கொடுத்தார். "இப்பத்தான் மனுசக் குரலு" என்றார்.

வீட்டுக்கு வந்து ஊதினார்கள், இழுத்தார்கள். அடுப்படியிலிருந்து இசக்கியம்மாள் கூடவே பாடினாள். குரலும் வாத்தியமும் பாலும் சோறுமாகக் கலந்தன.

"ஏளா, சும்மா கெட. பஸ் வாரது கேக்க மாட்டேங்கு" என்று அதட்டினார் உச்சிமாகாளி.

பஸ் வந்தது. ஹாரன் அடித்தது. நாலு பேரும் ஊதினார்கள். பஸ் ஒரு பக்கம் போனது, வாத்தியம் ஒரு பக்கம் போனது. உச்சிமாகாளிக்கு உயிரே போய்விட்டது. கொடைக்கு ஒரு நாள்தான் பாக்கி. கடைக்காரர் தப்பு பண்ண முடியாது. வாத்தியம் மாறாது. நாலு பேரும் தலையைத் தொங்கப் போட்டு வெகுநேரம் ஆலோசித்தார்கள்.

டிரைவர் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது பஸ்ஸின் முன்பக்கம் திறந்து கிடந்தது. பலவேசமும் ஆண்டபெருமாளும் வைக்கோல் படப்பு ஏணியை முன்சக்கரத்துக்கு அடியில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொம்பையா அண்டாவிலிருந்து ஆவி பறக்கும் சுக்குக் கசாயத்தை மொண்டு மொண்டு ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருந்தான். பஸ்ஸின் நெற்றியைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்த உச்சிமாகாளி, டிரைவர் வாயைத் திறப்பதற்குள் விரலை உதட்டில் வைத்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் ஹாரன் அடிக்காதிய. தொண்டை கட்டியிருக்கு."