மயில்மேட்டில் நட்ட ஐந்தாவது கல்

செண்பகவர்மன் ஆண்ட அலைவாய்ப் பட்டினத்தில் வருஷா வருஷம் கடல் உள்ளே வந்தது. அரசனும் சும்மா இருக்கவில்லை. ஆணை மேல் ஆணையாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

முதல் ஆணை: கடல் வரவில்லை. வருகிறது என்று சொல்பவனுக்குப் பத்துக் கசையடி. இரண்டாவது: வருவது உண்மைதான், ஆனால் தானே திரும்பிப் போய்விடும். மூன்றாவது: தடுப்புச் சுவர் கட்டப்படும். நாலாவது: சுவர் ஏன் விழுந்தது என்று ஆராயப் பண்டிதர் குழு அமைக்கப்படும்.

அந்த நாட்டு வழக்கப்படி கடல் பற்றிய ஆணைகளைக் கல்லில் வெட்டி அலையோரம் நடுவார்கள். கடலும் படிக்க வேண்டுமே! கடைசியாக நட்ட கல்லிலிருந்து மேற்கே நூறு கோல் நிலம் மீனவர் குப்பத்துக்குச் சொந்தம். நட்ட கல்லை யாரும் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அரசன் வாக்கையே பிடுங்கியதாக அர்த்தம். ஆக, மூன்று கற்கள் இப்போது கடலுக்குள். நாலாவதற்குக் கழுத்து வரை தண்ணீர்.

சபையில் மாசிலாமணி என்றொரு வாய்ச்சாலக்காரர் இருந்தார். இருபது வருஷம் கோட்டை வாசலில் நின்று கோஷம் போட்டவர். ஓலை நறுக்குகளில் கண்டனம் எழுதி வீசியவர். முதல் ஆணையில் கசையடி வாங்கியவர் அவர்தான். 'சுவர் கட்டு, சுவர் கட்டு' என்று கத்தியவரும் அவர்தான். கட்டினார்கள். சுவரில் மோதிய அலை திரும்பிப் பக்கத்துத் தெருவை வாரிக்கொண்டு போனது. போராட்ட வெற்றிக்காக அவருக்கு மாலை போட்டவர்கள் வீடெல்லாம் அந்தத் தெருவில்தான் இருந்தன. அதற்குப் பிறகு அரசன் சபையில் ஓர் ஆசனம் கொடுத்தான். "தொண்டையை விற்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டிருக்கிறேன்" என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார்.

ஐப்பசிப் புயலுக்கு ஒரு மாதம் இருந்தது. குப்பத்து முத்துப்பேச்சி அவரை வழிமறித்தாள்.

"நூத்தி நாப்பது வீடுய்யா. இந்தப் புயலுக்கு ஒண்ணும் மிஞ்சாது. மயில்மேட்டுல ஏற விடச் சொல்லுங்க."

"சபையில பேசறேன் தாயி."

"வாசல்ல நின்னு கத்தினப்போ உங்க குரல் கடல் வரைக்கும் கேட்டுச்சு. உள்ள போனப்புறம் பக்கத்து ஆசனத்துக்காவது கேக்குதா?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது.

மறுநாள் பிரதானி நாகலிங்கம் ஐந்தாவது ஆணையை வாசித்தார். "ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தரையைத் தாங்களே ஒரு முழம் உயர்த்திக்கொள்ள வேண்டும்."

"மயில்மேட்டைக் கொடுத்தால் என்ன?" என்றார் மாசிலாமணி.

"நல்லாயிருக்கே! மகாராஜாவின் மயில்கள் உலாவும் இடம் அது. நெத்திலி வாடையில் அவை தோகை விரிக்குமா?"

மாசிலாமணி எழுந்தார். "மகாராஜா! மக்கள்..." என்று தம் பழைய பிரசங்கத்தைத் தொடங்கினார். அரசன் கொட்டாவி விட்டான். மாசிலாமணி அந்தக் கொட்டாவியையே பார்த்தார். திடீரென்று மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்ம ஆரம்பித்தார்.

"என்னய்யா, மறுபடியும் மக்களா?"

"இல்லை மகாராஜா. கல்."

"கல்லா?"

"காலையில் அலையோரம் போனேன். நாலாவது கல்லில், தங்கள் திருநாமத்தின் மேல், ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது. மற்ற மூன்று ஆணைகளையும் கெளுத்தி மீன்கள்தான் வாசிக்கின்றன. 'இங்கேதான் செண்பகவர்மன் வாக்கு முழுகிக் கிடக்கு, பார்த்து நங்கூரம் போடு' என்று அயல்நாட்டுக் கப்பல்காரன் சொல்கிறான். கேட்டுக்கொண்டு எப்படி இருப்பேன்?"

அரசன் துள்ளி எழுந்தான். "இனி என் வாக்கு ஒரு சொட்டு நனையக் கூடாது! பிரதானி, கடல் எட்டாத இடம் எது?"

"மயில்மேடு, மகாராஜா!" என்றார் பிரதானி பெருமையாக. "ஆயிரம் வருஷமானாலும் ஈரம் படாது."

"ஐந்தாவது கல் அங்கேதான். நானே நடுகிறேன்."

மூன்றாம் நாள் மேளம் முழங்க, மயில்கள் அலறி ஓட, அரசன் தன் கையாலேயே கல்லை நட்டு மண் தள்ளினான். மாசிலாமணி நில அளவைக்காரர்களைப் பார்த்துத் திரும்பினார்.

"கல் நட்டாச்சு. வழக்கம்போல மேற்கே நூறு கோல் அளங்கப்பா. முத்துப்பேச்சி, சாமான்களை ஏத்துங்க."

பிரதானிக்கு அப்போதுதான் விளங்கியது. "மோசம் போனோம் மகாராஜா! கல்லோடு குப்பமும் மேலே வந்துவிட்டது!"

"வேண்டாமென்றால் பிடுங்கிவிடுங்கள், பிரதானி" என்றார் மாசிலாமணி. பிரதானியின் கை கல்லை நோக்கி நீண்டது. அரசன் முகத்தைப் பார்த்ததும் சுருங்கிக்கொண்டது. அதற்குள் வலைகளைச் சுமந்துகொண்டு பெண்கள் மேடேறத் தொடங்கிவிட்டார்கள்.

அரசன் கல்லைப் பார்த்தான். அளவுகோலைப் பார்த்தான். கடைசியில் மாசிலாமணியைப் பார்த்தான்.

"யோவ், ஜனங்க முழுகறாங்க, ஜனங்க முழுகறாங்கன்னு வாசல்ல கத்தி என் தூக்கத்தைக் கெடுத்தீரே. கல் முழுகுதுன்னு ஒரு தரம் சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே?"

மாசிலாமணி கைகூப்பினார்.

"ஜனங்க முழுகறாங்கன்னு சொன்னாலே போதும்னு நினைச்சுட்டேன், மகாராஜா. என் புத்தி அவ்வளவுதான்."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் அரசன் முகத்தைப் பார்த்தார்கள். அரசன் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.