எண்பது கிலோமீட்டர் கேட்ட முதலாளி

அப்பளக் கம்பெனி முதலாளி குருபாதம் ஒரு மோட்டார் சைக்கிள் விளம்பரத்தை மேசையில் விரித்து வைத்தார். கடைகளுக்குச் சரக்குப் போடும் எட்டியப்பனைக் கூப்பிட்டார்.

“லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர்னு போட்டிருக்கான். அதே வண்டிதான் உன்கிட்டயும் இருக்கு. நான் போடுற பெட்ரோலுக்கு ஐம்பத்தைந்துதான் ஓடுதுங்கிறே. மீதியை நீ குடிச்சியா, அப்பளம் குடிச்சுதா? நாளையிலிருந்து எண்பது வரணும். வரலேன்னா வேலைக்கு வராதே!”

எட்டியப்பன் விளம்பரத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தையும் பொறுமையாகப் படித்தான். “சரிங்க முதலாளி. இதுல போட்டிருக்கிற மாதிரியே ஓட்டிடுறேன்.”

மறுநாள் முதலாளியின் கார் பழுதாகிவிட்டது. தங்கை மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. பட்டு வேட்டியோடு கம்பெனி வாசலில் நின்று, வண்டியில் வந்த எட்டியப்பனைக் கைதட்டி அழைத்தார். வண்டி நிற்காமல் அவரைத் தாண்டிப் போனது. திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போனது.

“டேய், நிறுத்துடா!”

“நிறுத்தக் கூடாதுங்க! நிற்காம, ஒரே சீரா, மெதுவா ஓட்டினாத்தான் எண்பது வரும்னு பொடி எழுத்துல இருக்கு. அடுத்த சுற்றுல தாவி ஏறிக்குங்க!”

முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“ஐம்பத்தைந்தே போதும்ப்பா, நிறுத்து!”

வண்டி நின்றது. மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தவர், “சீக்கிரம் போப்பா!” என்றார்.

“சீக்கிரம் போனா ஐம்பதுதான் வருங்க.”

“முப்பது வந்தாலும் கேட்க மாட்டேன். போ!”