வெண்ணியம்மையார் மறுத்த நீர்

கொன்றையடி நாதர் கோயில் கொண்டிருக்கும் மணற்குடியில், பிறர் வீட்டு நெல்லைக் குத்திக் கொடுத்துப் பிழைத்து வந்தவர் வெண்ணியம்மையார். கணவரை இளமையிலேயே இழந்தவர், பிள்ளைகளும் இல்லை. கூலியாகக் கிடைக்கும் நொய்யைக் கஞ்சியாக்கிக் குடித்துக்கொண்டு, வீட்டுக் கொல்லையில் இருந்த தோட்டம் முழுவதையும் இறைவருக்கென்றே வைத்திருந்தார். பந்தலில் புடலும் பாகலும், அதன் நிழலில் கத்தரியும், வேலியோரம் அவரையும் காய்த்துத் தொங்கும். விடியுமுன் கிணற்றில் நீர் இறைத்துப் பாய்ச்சுவார். காய்களைப் பறித்துக் கூடையில் நிரப்பி, உச்சிக்கால அமுதுக்காக மடைப்பள்ளி வாசலில் வைத்துவிட்டு வருவார். தம் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அதில் ஒரு பிஞ்சைக்கூட எடுத்ததில்லை.

அந்த ஆண்டு புரட்டாசி பிறந்தும் வெயில் தணியவில்லை. சித்திரையில் அடிக்க வேண்டிய அனல் அப்போது அடித்தது. ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்தது. அம்மையார் வீட்டுக் கிணற்றிலும் இரவெல்லாம் ஊறினால் ஒரு குடம் தேறும், அவ்வளவுதான். அதில் தமக்கென்று ஒரு செம்பு எடுத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் செடிகளுக்கே ஊற்றினார். பந்தலின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பினார். கத்தரிச் செடிகளின் தூரில் வைக்கோலைப் போர்த்தினார். பிறகு அந்த ஒரு செம்பும் பாகல் கொடிக்கே போயிற்று.

"ஏன்டி வெண்ணி, ஊரு சனத்துக்கே தொண்டை நனையலை. உன் பாவக்காய்க்குக் குளியல் கேக்குதா?" என்று அடுத்த வீட்டு நாகம்மை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"சாமி வெறுஞ்சோறு சாப்பிடக் கூடாதே அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மையார் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஊரில் எல்லாத் தோட்டங்களும் கருகிய பிறகும் அவர் கூடை மட்டும் வெறுமையாகப் போகவில்லை. அதில் அவருக்கு ஒரு சிறு பெருமையும் இருந்தது.

ஒரு நாள் நண்பகலில், தலையில் உப்பு மூட்டையோடு ஒருவர் கொல்லை வேலியருகே வந்து நின்றார். கடற்கரையிலிருந்து ஊர் ஊராக நடந்து உப்பு விற்பவர். உதடு வெடித்திருந்தது.

"தாயி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

அம்மையார் கையில் இருந்த குடத்தில் கால் பங்கு நீர் இருந்தது. காலையில் வாடித் தலை சாய்ந்த புடலுக்கென்று நிறுத்தி வைத்தது. மறுநாள் அமுதுக்கு அந்தக் கொடி ஒன்றைத்தான் நம்பியிருந்தார்.

"இது சாமிக்குன்னு வச்ச தண்ணி ஐயா. மேலத்தெருவில போய்க் கேளுங்க. அங்க பெரிய கிணறு இருக்கு."

உப்பு விற்பவர் குடத்தை ஒருமுறை பார்த்தார். "சாமிக்கு வச்சதை நான் குடிக்கலாமா? இருக்கட்டும் தாயி" என்று சொல்லிவிட்டு நடந்தார். அம்மையார் நீரைப் புடலுக்கு ஊற்றினார்.

மேலத்தெருவுக்கு உப்பு விற்பவர் போய்ச் சேரவில்லை. ஏரிக்கரையில் விழுந்து கிடக்கிறார் என்று மாலையில் யாரோ சொல்லக் கேட்டு அம்மையார் ஓடினார். உயிர் போயிருந்தது. கொட்டிக் கிடந்த உப்பைக் கூட்டி மூட்டையில் கட்டித் தம் வீட்டில் வைத்தார். ஊரார் அவரை அடக்கம் செய்தனர். மறுநாள் பறித்த புடலங்காயை அம்மையார் மடைப்பள்ளி வாசலில் வைத்துவிட்டுக் கும்பிடாமலே திரும்பினார்.

சில நாள் கழித்து, கணவரைத் தேடிக்கொண்டு உப்பு விற்பவரின் மனைவி மணற்குடிக்கு வந்தார். ஊரார் செய்தியைச் சொல்லி, மூட்டை இருக்கும் வீட்டைக் காட்டினார்கள். அம்மையார் எதையும் மறைக்கவில்லை.

"என்கிட்ட வந்து தண்ணி கேட்டாரு. தண்ணி இருந்துச்சு. நான்தான் குடுக்கலை."

அந்தப் பெண் மூட்டையின் முடிச்சைத் தடவிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அவரு யாருகிட்டயும் வாய் விட்டு ஒண்ணு கேக்க மாட்டாரு அம்மா. கேட்டிருக்காருன்னா, அதுக்கு மேல முடியலைன்னு அர்த்தம்."

ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பார். இந்தச் சொல் அம்மையாரின் நெஞ்சைப் பிளந்தது. குடத்தை இரு கையாலும் ஏந்தி அந்தப் பெண்ணுக்கு வார்த்தார். அவர் குடித்துவிட்டு, மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

அன்று முதல் அம்மையார் செடிகளுக்கு ஊற்றவில்லை. ஊறிய நீரையெல்லாம் வேலியோரம் கொண்டுபோய் வைத்து, வழியே போகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார். பந்தல் சருகாயிற்று. கோயிலில் குருக்கள், "கறிக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டபோது, "காஞ்சு போச்சுங்க" என்று தலை குனிந்தார். ஏன் என்று சொல்லவில்லை. சாமிக்கே கறியை நிறுத்திவிட்டாள் என்று நாகம்மை ஊரெல்லாம் சொன்னாள். அம்மையார் உள்ளே போக மனம் கூசி, கோயில் வாசலில் நின்றே கும்பிட்டுத் திரும்புவார்.

ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. ஒரு நாள் உச்சிக்காலத்தில் குருக்கள் வெறுஞ்சோற்றை இறைவர் முன் படைத்துக் கண்ணை மூடினார். அப்போது கருவறையில் ஒரு குரல் எழுந்தது:

"யாம் வெண்ணியின் வேலியோரம் நீர் அருந்திக்கொண்டிருக்கிறோம். நீ இங்கே யாருக்கு அமுது படைக்கிறாய்?"

குருக்கள் கொதிக்கும் மணலில் செருப்பில்லாமல் ஓடினார். வேலியோரம் ஒரு வண்டிக்காரர் கையைக் குவித்துக் குடித்துக்கொண்டிருந்தார். வார்த்துக்கொண்டிருந்தவர் அம்மையார். வேறு யாரும் இல்லை. குருக்கள் இருவரையும் கைகூப்பி வணங்கி, கேட்டதைக் கேட்டபடி சொன்னார்.

அம்மையார் மகிழ்ந்து சிரிப்பார் என்று அவர் எண்ணியிருந்தார். அம்மையாரோ குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"அப்ப அன்னைக்கு வந்து நின்னதும் அவர்தானே சாமி? வேற இடத்துல போய்க் கேளுன்னு நான்தானே அனுப்பினேன்?"

குருக்களும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பின்பு மழை பெய்தது; தோட்டமும் காய்த்தது. அம்மையார் மீண்டும் கூடை சுமந்தார். ஆனால் வேலியோரத்துக் குடம் நிறைந்த பிறகுதான் செடிகளுக்கு நீர் போகும். இறைவரே தேடி வந்து ஏற்றுக்கொண்ட பின்னும் அந்த ஒரு நண்பகலுக்காக அம்மையார் தம்மை மன்னிக்கவில்லை. கொடுக்காமல் விட்ட ஒரு வாய் நீருக்காக வாழ்நாளெல்லாம் உருகிய அந்தத் தாயாரின் திருவடிகளை வணங்குவோம்.