வகிடு எடுத்த நாய்

அந்தக் காலத்தில் நாயும் பேசும், எலியும் பேசும், நின்று கேட்கத்தான் மனிதர்களுக்கு நேரமில்லை. வெயில் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு மலைமேல் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். விறகு, தண்ணீர், களை, அடுப்பு, பிள்ளைகள் என்று விடிந்ததிலிருந்து அவளுக்கு ஓட்டம்தான். போதாததற்கு முழங்காலைத் தொடும் தலைமுடி வேறு. ஊரே கண் வைக்கிற முடி. அவளுக்கோ அது சுமக்க முடியாத பாரம். உட்கார்ந்து சிக்கெடுக்க ஏது நேரம்? ஒரு கையில் அகப்பை, ஒரு கையில் சீப்பு என்று அடுப்படியில் நின்றபடியே சீவிக்கொள்வாள் பாவம்.

அவள் வீட்டில் குட்டையன் என்று ஒரு நாய். முழங்கால் உயரம்கூட இல்லை, உடம்பில் மருந்துக்கும் மயிர் கிடையாது. எந்நேரமும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு அடுப்புச் சாம்பலில் கிடக்கும்.

அந்த வருஷம் விதைத் தினை வைத்திருந்த குதிருக்கு அடியில் எலிகள் வளை தோண்டிவிட்டன. பாதித் தினை போய்விட்டது. மீதியும் போனால் மழை வந்தாலும் விதைக்க ஒன்றுமில்லை, பிள்ளைகள் பட்டினிதான்.

"நீ ஒருத்தன்தான் அந்த வளைக்குள்ள நுழைய முடியும். போயேன்டா" என்றாள் சடைச்சி.

"போனேனே. உள்ள ஒரே ஈரம், குளிர் எலும்புக்குள்ள ஏறுது. எலி வேற கண்ணைப் பாத்துக் கடிக்க வருது. என்னால ஆகாது" என்றது நாய்.

சடைச்சிக்கு அழக்கூடத் தெம்பில்லை. நடுங்குகிற அந்த மொட்டை உடம்பைப் பார்த்தாள். பிறகு அரிவாளை எடுத்துத் தன் முடியைக் கழுத்தோடு அறுத்தாள். வேங்கைப் பிசினைச் சூடாக்கி நாயின் உடம்பெல்லாம் தடவி, முடியை ஒட்டினாள். பழக்க தோஷம், தலையிலிருந்து வால்வரை நேராக ஒரு வகிடும் எடுத்துவிட்டாள். முன்னால் விழுந்த கற்றை நாயின் கண்ணை மறைத்தது.

"கிடக்கட்டும் விடு. எலிப்பல் கண்ணுக்கு எட்டாது."

"சிக்கு விழுந்தா யாரு எடுக்கிறது?"

"நான் எடுக்கிறேன். நீ போ" என்றாள், யோசிக்காமல்.

நாய் உள்ளே போனது. மண்ணுக்கடியில் பெரிய ரகளை. பொழுது சாய்வதற்குள் ஒரு எலி மிச்சமில்லை. வெளியே வந்த நாயின் மேல் அந்த முடி வேர்விட்டு ஊன்றியிருந்தது, முழுக்கச் சேறும் சிக்குமாக.

காட்டிலிருந்து திரும்பிய புருஷன் நல்லாண்டி அவளைப் பார்த்துத் திகைத்தான். "யாரைக் கேட்டு முடியை வெட்டின?"

"எலியைக் கேட்டேன்" என்றாள்.

நாய் சீப்பைக் கவ்விக்கொண்டு வந்து நின்றது. ஒரு பாரம் ஒழிந்தது என்று பார்த்தால் அது நாலு காலில் திரும்பி வந்திருக்கிறதே என்று அவளுக்கு அலுத்துப்போனது. ஆனாலும் சொன்ன சொல். அடுப்படியில் நின்றபடியே சீவலாம் என்று பார்த்தாள். நாயோ தரையோடு தரையாக இருந்தது. குனிந்தாள், இடுப்பு விட்டுப்போனது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். நாய் மடியில் ஏறிப் படுத்தது.

அடுப்பில் கஞ்சி பொங்கியது. "நீங்களே பாருங்க. மடியில நாய் இருக்கு, என்னால எந்திரிக்க முடியாது" என்றாள். நல்லாண்டி முனகிக்கொண்டே அகப்பையை எடுத்தான்.

வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை. முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். சிக்கெல்லாம் தீர்ந்த பிறகும் சீப்பைக் கீழே வைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. முடிக் கற்றைக்கு நடுவிலிருந்து நாய் அதைப் பார்த்தது. மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில், எலி எதுவும் இல்லாமலே வளைக்குள் போய்ப் புரண்டு, சிக்கோடு வந்து நின்றது.

அன்று முதல்தான், நாம் டெரியர் என்று வளர்க்கிற அந்தக் குட்டைச் சடைநாய்க்கு நடுமுதுகில் வகிடும் கண்ணை மூடும் முடியும். எவ்வளவு சீவினாலும் மறுநாள் சிக்கோடு வந்து, வீட்டிலேயே யார் ரொம்பக் களைத்திருக்கிறாரோ அவர் மடியில்தான் ஏறும்.