வருஷ ஒப்பந்தம்

எங்கள் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர்களாகிய நாங்கள் ஏழு பேரும் அவரைவிட மூத்தவர்கள். அவர் எங்களை 'அண்ணாச்சி' என்பார், நாங்கள் அவரை 'அம்மா' என்போம். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் வியாழன்தோறும் கூடித் தியானத்தில் உட்காருவோம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

உலகநாதன் எங்களில் ஒருவன், ஏசி மெக்கானிக். பத்தொன்பது வருஷம் ஒரு கம்பெனியில் இருந்தான். வீட்டில் யாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் கம்பெனி கொடுத்த அட்டையை நீட்டினால் போதும். போன சித்திரையில் அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தான். முதலாளியும் அவன்தான், வேலைக்காரனும் அவன்தான். அட்டையைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது.

அன்றிலிருந்து மருத்துவக் காப்பீட்டுக்காக நாயாக அலைந்தான். ஒருத்தர் சம்பளச் சீட்டு எங்கே என்றார். இன்னொருத்தர் சொந்தத் தொழில் என்றதும் 'அப்புறம் கூப்பிடுறேன்' என்று போனை வைத்தவர்தான். கடைசியில் ஒரு ஏஜென்ட் படிவத்தைக் கொடுத்து, நிரப்பி வையுங்கள், சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

அந்த வாரம் படிவத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தான். தியானத்தில் ஒழுங்காக உட்காரவில்லை. முடிந்ததும் குருவின் முன்னால் போய் நின்றான்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"எனக்குச் சர்க்கரை இருக்கு. ரெண்டு மாசம் முன்னால மூணாவது மாடி சன்ஷேட்ல நின்னு வேலை பாக்கையில கண்ணை இருட்டிட்டு. கம்பியைப் பிடிச்சதால பிழைச்சேன். டெஸ்ட் எடுத்தப்பதான் தெரிஞ்சது."

இத்தனை நாளும் எங்களிடம் மூச்சு விட்டிருக்கிறானா பாருங்கள்.

"படிவத்துல, ஏற்கெனவே நோய் ஏதும் உண்டான்னு ஒரு கேள்வி. இல்லைன்னு எழுதியாச்சு. உண்டுன்னு போட்டா தரமாட்டாங்களோன்னு பயம். நாளைக்கு நான் விழுந்தா குடும்பம் நடுத்தெருவுலதான் நிக்கும். அதுக்காக ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிகிட்டப் பொய் சொன்னா தப்பா?"

குரு சுவரில் இருந்த ஏசியை அண்ணாந்து பார்த்தார்.

"இது கொஞ்ச நாளா சத்தம் போடுது. நீங்க வருஷ ஒப்பந்தம் போட்டுக்கிடுதீங்களா?"

ஒரு தொகை வாங்கிக்கொண்டு, வருஷம் முழுக்க எந்தக் கோளாறு வந்தாலும் மெக்கானிக்கே பொறுப்பு ஏற்பதுதான் வருஷ ஒப்பந்தம். உலகநாதன் அதில்தான் பிழைக்கிறான். கேட்டதற்குப் பதில் வராத வருத்தம் முகத்தில் தெரிந்தாலும், குரு சொல்லைத் தட்டாமல் ஸ்டூலைப் போட்டான். நான் பிடித்துக்கொண்டேன். ஸ்குரூ டிரைவருக்காகப் பையைத் திறந்தபோது ஒரு மாத்திரை அட்டை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கி, ஸ்பேனர்களுக்கு அடியில் திணித்துக்கொண்டான்.

மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான்.

"இதுல ஏற்கெனவே வேலை பாத்திருக்காம்மா?"

"இல்லை."

"கேஸ் ஒழுகி, பைப்பு ஓட்டையைப் பத்தவச்சு அடைச்சு, அப்படி ஏதாவது?"

"இல்லையே. நல்லாத்தான் ஓடிச்சு."

உலகநாதன் டார்ச்சை அணைத்தான். தொழில் என்று வந்துவிட்டால் அவனுக்குப் பெற்ற தாயும் கஸ்டமர்தான்.

"பொய் சொல்லாதீங்கம்மா. ரெண்டு இடத்துல பத்தவச்ச தடம் கறுத்துக் கிடக்கு."

குருவைப் பார்த்து இப்படியா பேசுவது? ஆனால் அம்மா முகத்தில் கோபமே இல்லை.

"ஆமா, போன வருஷம் பத்தவச்சாங்க. முதல்லயே சொன்னா ஒப்பந்தம் போடமாட்டீங்களேன்னு நினைச்சேன்."

"யார் சொன்னா? போட்டிருப்பேன். கொஞ்சம் கூடக் கேட்டிருப்பேன், அவ்வளவுதான். இந்தப் பைப்புக்கு மட்டும் முதல் ஆறு மாசம் நான் பொறுப்பில்லைன்னு எழுதியிருப்பேன். பழைய மெஷின்னா கோளாறு இல்லாமலா இருக்கும்?"

"நான் மறைச்சு, நீங்களும் பாக்காம விட்டிருந்தா?"

"என்னைக்காவது கழட்டத்தானே செய்வேன். அன்னைக்கு ஒப்பந்தத்தைக் கிழிச்சு உங்க கையில கொடுத்துட்டு..."

பாதியில் நிறுத்திவிட்டான். ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினான்.

"புரிஞ்சிட்டும்மா. வேற படிவம் வாங்கி உண்டுன்னு எழுதிடுதேன்."

விஷயம் முடிந்தது என்று நான் டீ போடத் திரும்பினேன். குரு கையை நீட்டினார்.

"அந்தப் படிவத்தைக் கொடுங்க, பாப்போம்."

வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நிதானமாகப் படித்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கே. யார் எழுதினது?"

"வீட்டுக்காரி, சண்முகவடிவு. என் எழுத்தை நானே வாசிக்க முடியாது. அவ கேள்வியை வாசிச்சா, நான் பதில் சொன்னேன்."

"இந்த 'இல்லை'க்கு அடியில கோடு போட்டிருக்கே?"

உலகநாதன் தயங்கினான். "அது அவளாப் போட்டது. சர்க்கரை முத்தி அவ அப்பாவுக்குக் காலை எடுத்தாங்க. 'உங்களுக்கு அந்தச் சனியன் இல்லை, எனக்கு அது போதும்'னு சொல்லிக்கிட்டே போட்டா."

"மாத்திரையை எங்க வச்சிருக்கீங்க?"

"டூல்ஸ் பையிலம்மா." அவன் குரல் இறங்கிவிட்டது. "தெரிஞ்சா ஏணியில ஏற விடமாட்டா. ஏறாம எனக்கு ஏது தொழில்?"

குரு படிவத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து அவன் கையில் கொடுத்தார்.

"ஏஜென்ட் சனிக்கிழமைதானே வாராரு?"

"ஆமாம்மா."

"அப்போ கம்பெனிகிட்ட நீங்க இன்னும் பொய்யே சொல்லலையே, அண்ணாச்சி."