தண்ணியைப் பாதியாகக் குறைத்த கதை

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் கிளாடிஸ் அம்மாள் ஒரு தங்கும் விடுதி நடத்திவந்தார். அங்கே வேலைக்கு மூன்று பேர். வரவேற்பு மேசையில் கொம்பையா, சமையல்கட்டில் தளவாய், அறைகளுக்குப் படுக்கை விரிக்க சேவியர். மூவரில் யார் கெட்டிக்காரர் என்ற கேள்வி அந்தத் தெருவில் ஒருநாளும் எழுந்ததில்லை. ஆனால் மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். சிக்கலே அதுதான்.

விடுதி முகப்பில் ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல் தண்ணீர், உயிருள்ள பவளம், அலை எழுப்ப ஒரு மோட்டார். எல்லாவற்றுக்கும் நடுவில், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் சோடி ஒன்று. அம்மாள் பெறாத பிள்ளைகள். அந்தச் சோடி முதன்முதலாக முட்டையிட்டிருந்தது. அன்று இரவு பொரித்துவிடும் என்று அம்மாள் கணக்குப் போட்டிருந்தார். அன்று பார்த்து நாகர்கோவிலில் தங்கை மகளுக்குப் பிரசவ வலி.

ஒரு காலைக் காருக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "யய்யா கொம்பையா, உன்னைய நம்பித்தான் போறேன். இருட்டினதும் வெளக்க அணைச்சிரு. வெளிச்சம் பட்டா பொரிக்காது. ராத்திரிக்குத் தண்ணியப் பாதியாக் குறைச்சிரு. என்ன ஆனாலும் தொட்டியில நல்ல தண்ணி மட்டும் ஊத்திராதீங்க."

கார் போய்விட்டது. கொம்பையாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவனை நம்பி இதுவரை யாரும் ஒரு குடையைக்கூட விட்டுப் போனதில்லை.

இருட்டியதும் விளக்கை அணைத்தான். மோட்டாருக்குப் பக்கத்தில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தது. அதில் கை பட்டுவிடாமல் மூவரும் ஜாக்கிரதையாக விலகி நின்றார்கள். வாளிகள் வந்தன. அப்போதுதான் தளவாய் ஒரு நியாயமான சந்தேகத்தைக் கிளப்பினான்.

"பாதின்னா எந்தப் பாதிவே? மேல் பாதியா, கீழ்ப் பாதியா?"

கொம்பையா யோசித்தான். "அம்மா அதச் சொல்லலியே."

"கீழ்ப் பாதியத்தான் எடுக்கணும். அதுதான் பழைய தண்ணி" என்றான் சேவியர்.

"கீழ எடுத்தா" என்று இழுத்தான் தளவாய், "மேல உள்ளது எறங்கி அங்க உக்காந்துக்கிடும். அப்ப நாம எடுத்தது மேல் பாதியா, கீழ்ப் பாதியா?"

கடைசியில், ஒருவன் மேலிருந்தும் ஒருவன் கீழிருந்தும் மொள்ளுவது, எது எந்தப் பாதி என்பதைத் தண்ணீரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று ஏற்பாடாயிற்று. இருட்டில் மொண்டு மொண்டு முகப்பு முழுக்க வாளிகளும் அண்டாக்களும் நிரம்பின. தொட்டி பாதியானது. பவளத்தின் தலை வெளியே வந்தது. தடவிப் பார்த்த சேவியர், "ஐயோ பாவம், குளிரும்" என்று அதற்கு ஒரு ஈரத்துண்டைப் போர்த்தினான்.

தண்ணீர் இறங்கினால் மோட்டாரும் காற்றில்தானே நிற்கும்? அது தண்ணீர் கிடைக்காமல் கர்ர்ர் என்று அலற ஆரம்பித்தது.

மூவரும் வாளியைக் கீழே வைத்தார்கள்.

"என்னவே சத்தம்?" என்றான் கொம்பையா.

"தாய் மீனுக்கு வலி எடுத்திட்டு" என்றான் தளவாய். அவனுக்கு நான்கு பிள்ளைகள். அதனால் இந்த விஷயத்தில் அவன் சொல்தான் கடைசி. "மொதப் பிரசவம்லா, இப்படித்தான் கத்தும். வெந்நி வேணும். ஓடு!"

ஓடப்போன சேவியர் வாசற்படியில் நின்றான். "நல்ல தண்ணி ஆவாதுன்னாங்களே. வெந்நி எதுல போட?"

குடிக்கிற தண்ணீரைத்தான் அந்த ஊரில் நல்ல தண்ணி என்பார்கள். கொம்பையாவும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்லிவந்தான். ஆனால் பொறுப்பு தலையில் ஏறிவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

"அப்ப கெட்ட தண்ணி வேணும்" என்றான்.

கெட்ட தண்ணீருக்கு எங்கே போவது? கொம்பையாவுக்குப் பளிச்சென்று பட்டது. மாடியறையில் தங்கியிருந்த தையல் மெஷின் விற்பனையாளர் பாலகுருசாமி, "இதெல்லாம் ஒரு தண்ணியா?" என்று தினமும் சண்டைக்கு வருவார். மூவரும் போய் அவர் கதவைத் தட்டினார்கள்.

"சார், உங்க ரூம்ல கெட்ட தண்ணி வருதுன்னு சொன்னீங்கள்லா, அதுல ஒரு குடம் வேணும். கீழ பிரசவம்."

பாலகுருசாமி லுங்கியை இறுக்கிக்கொண்டு இறங்கி ஓடி வந்தார். விளக்கைப் போட்டார். தொட்டியைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார், துண்டு போர்த்திய பவளத்தைப் பார்த்தார். "பிள்ளை பெறுகிறவள் எங்கே?" என்று கேட்டார். கொம்பையா மீனைக் காட்டினான்.

மேசையிலிருந்த போனை எடுத்து அம்மாளிடம் அவரே பேசினார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தில் மோட்டார் சத்தமே அடங்கினாற்போல் இருந்தது. பிறகு அவர் மோட்டாரை நிறுத்தினார். மொண்ட தண்ணீரையெல்லாம் திரும்ப ஊற்றவைத்தார். திருகைத் திருப்பி மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டார்; அம்மாள் குறைக்கச் சொன்னது அதைத்தான். விளக்கை அணைத்தார். விடியும்வரை ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு தொட்டிக்குக் காவல் இருந்தார், அந்த மூவரிடமிருந்து.

கொம்பையா மாடிப்படியில் உட்கார்ந்து, நம்பிய அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று கண்ணீர் விட்டான்.

மீன்களுக்கு ஆயுசு கெட்டி. காலையில் அம்மாள் வந்து பார்த்தபோது தூசியளவுக் குஞ்சுகள் தண்ணீர் முழுக்க மினுங்கின. நாகர்கோவிலிலும் பெண் குழந்தை. சந்தோஷத்தில் அம்மாளுக்குப் பாதிக் கோபம் போயிற்று. மீதிப் பாதியை மூவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்.

"இனிமே என்னைக் கேக்காம அந்தத் தண்ணியில ஒரு விரல் பட்டுச்சு, மூணு பேருக்கும் சீட்டுக் கிழிச்சிருவேன்!"

அடுத்த ஞாயிறு, மாடியில் சேர்த்துவைத்த கடல் தண்ணீர் இறங்கும் குழாயைத் தொட்டியில் திறந்துவிட்ட அம்மாள், அதை மூட மறந்து மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டார். தொட்டி நிரம்பியது. வழிந்தது. முகப்புத் தரை முழுக்கத் தண்ணீர் பரவியது.

"குழாயை மூடலாமா?" என்றான் சேவியர்.

"குழாயும் தண்ணிக்குள்ள கெடக்கு. மூடணும்னா கை படும்" என்றான் கொம்பையா. "ஒரு தடவ பட்டது போதும்."

"இங்க நிக்கதே ஆபத்துவே" என்றான் தளவாய். "கை தொங்கிக்கிட்டுல்லா இருக்கு. தண்ணி ஏறி வந்து தொட்டா?"

அதுவும் சரிதான். மூவரும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

பூசை முடிந்து வந்த கிளாடிஸ் அம்மாள் கதவைத் திறந்தார். கையைத் தூக்கியபடி தன்னையே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு நின்ற மூவரையும் கண்டார். எவனோ துப்பாக்கியோடு உள்ளே நுழைந்துவிட்டான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. செபமாலையைக் கீழே நழுவவிட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் அவரும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டார்.

தண்ணீர் நான்கு பேரையும் தாண்டி, வாசற்படி இறங்கி, நிதானமாகத் தெருவில் போய்க்கொண்டிருந்தது.